வேளச்சேரி, 2012 பிப்ரவரி 23: அன்று இரவு நீங்கள் என்ன கேட்டீர்கள்?

வேளச்சேரிவாசி:

நடந்தது சென்னை வேளச்சேரியில், ஒரு வாடகை வீட்டில். என் வீடு அங்கிருந்து மூன்று தெரு தள்ளி இருந்தது. ஜனவரி 23 அன்று பெருங்குடியிலும் பிப்ரவரி 20 அன்று கீழ்க்கட்டளையிலும் பட்டப்பகலில் வங்கிக்குள் துப்பாக்கியோடு புகுந்து கொள்ளையடித்திருந்தார்கள். இரண்டும் திங்கட்கிழமை என்பதால், அடுத்த திங்கள் எந்த வங்கியோ என்று எங்கள் பகுதியில் ஆளாளுக்கு ஆரூடம் சொல்லிக்கொண்டிருந்தோம். 22ஆம் தேதி கண்காணிப்புக் கேமராவில் பதிந்திருந்த ஒருவனின் படத்தைக் காவல்துறை வெளியிட்டது. அன்று நள்ளிரவு தாண்டி, ஒரு மணிவாக்கில், ஒரு வாடகை வீட்டுக்குள் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

சரணடையச் சொன்னோம், உள்ளே இருந்து சுட்டார்கள், தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டோம் என்றது காவல்துறை. இரண்டு ஆய்வாளர்களுக்குக் காயம் என்றும் சொன்னது. ஐந்து பேரையும் ஏன் உயிரோடு பிடிக்க முடியவில்லை என்று மனித உரிமை அமைப்புகள் கேட்டன. யார் முதலில் சுட்டது என்ற ஒற்றைக் கேள்வியில்தான் எல்லாமே நின்றது.

விடிந்தபோது அந்தத் தெருவில் தேர்த் திருவிழாவுக்கு வந்தாற்போல் கூட்டம். டீக்கடையில் யாரோ என்னைப் பார்த்து, "நீங்கள் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், சத்தம் கேட்டதா?" என்றார். "கேட்டது. முதலில் உள்ளே இருந்துதான் வந்தது" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அலுவலகத்திலும் அதையே சொன்னேன். மதியச் சாப்பாட்டு வேளைக்குள் ஒன்று இரண்டாகி, "முதலில் இரண்டு குண்டு உள்ளே இருந்து" என்று என்னிடமே ஒருவர் வந்து சொன்னார். அன்று யார் யார் எங்கே இருந்தீர்கள், என்ன நினைத்தீர்கள் என்று கேட்கத்தான் இதைத் தொடங்கினேன்.

ஓய்வுபெற்ற காசாளர்:

அப்போது தென்சென்னையில் வேறொரு வங்கிக் கிளையில் காசாளராக இருந்தேன். கீழ்க்கட்டளைச் செய்தி வந்த மறுநாளிலிருந்து எங்கள் கிளையில் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துத்தான் வேலை பார்த்தோம். யாராவது முதுகுப் பையோடு உள்ளே வந்தால் எனக்குக் கை நடுங்கும். எண்ணிய நோட்டுக்கட்டையே மறுபடி எண்ணுவேன். எங்கள் காவலாளிக்கு அறுபதைத் தாண்டிய வயது, அவரிடம் இருந்தது ஒரு பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி. கொள்ளை நடந்தால் அவரை யார் காப்பாற்றுவது என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

அதனால் 23ஆம் தேதி காலையில் தொலைக்காட்சியைப் பார்த்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். இரவு பத்து மணி விவாதத்தில் உட்கார்ந்து காலில் சுட்டிருக்கலாமே என்பவர்கள் ஒரு வாரம் என் கவுன்டரில் உட்கார்ந்து பார்க்கட்டும். இருட்டில், ஆயுதம் இருக்கிறது என்று தெரிந்தே ஒரு கதவைத் தட்டுகிற போலீஸ்காரரும் வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டுத்தான் வருகிறார்.

பள்ளிக்கரணை வீட்டுக்காரர்:

காசாளர் அம்மா சொல்வது புரிகிறது. என் கதை வேறு மாதிரி.

என் மாடியில் நான்கு பீகார் பையன்கள் குடியிருந்தார்கள். கட்டட வேலை, டைல்ஸ் பதிப்பது. அந்த வாரமே, குடியிருப்பவர்களின் விவரத்தையும் படத்தையும் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. நான் படிவத்தை வாங்கி வந்தேன், நிரப்பவில்லை. நிரப்புவதைவிடக் காலி செய்யச் சொல்வது சுலபமாகத் தெரிந்தது. தெருவில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தபோது அவர்களில் மூத்தவன் அரைகுறைத் தமிழில், "அண்ணா, போட்டோ கொடுக்கிறோம், ஆதார் கொடுக்கிறோம்" என்றான். இரண்டு நாளில் போய்விட்டார்கள். குளியலறைத் தரையில் உடைந்திருந்த ஓடுகளைக் கூலி வாங்காமல் மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த ஓடுகள் இன்னும் இருக்கின்றன.

வழக்கறிஞர்:

அந்த வாரம் உயர் நீதிமன்ற வளாகத்திலும் இதே பேச்சுதான். மூத்தவர்களில் பாதிப் பேர் காவல்துறை பக்கம். எனக்கு அப்போது பயிற்சிக் காலம், வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

தற்காப்பு உரிமை எல்லோருக்கும் உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள், 2024 ஜூலைக்குப் பிறகு பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. ஆனால் தற்காப்பு என்று சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும். சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிறுவ வேண்டியதில்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்குக் காட்டினால் போதும். அதையும் நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். சீருடைக்குத் தனிச் சலுகை கிடையாது. கைதை எதிர்ப்பவர் மீது போலீஸ் பலத்தைப் பயன்படுத்தலாம் என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46ஆவது பிரிவே, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாதவரின் உயிரைப் பறிக்கும் உரிமையைத் தரவில்லை என்றும் சொன்னது.

வேளச்சேரிக்கு இரண்டரை ஆண்டுகள் கழித்து, 2014 செப்டம்பரில், மகாராஷ்டிர வழக்கொன்றில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டுச் சாவுகளை விசாரிக்க உச்ச நீதிமன்றம் 16 வழிமுறைகளை வகுத்தது. முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், சுட்டவர்களின் காவல் நிலையத்தைச் சேராத அணியோ சிஐடியோ விசாரிக்க வேண்டும், நடுவர் (மாஜிஸ்திரேட்) விசாரணை கட்டாயம், சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கூடாது. கடைசி விதியை ஏன் எழுத வேண்டியிருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

2019இல் ஹைதராபாத் அருகே பாலியல் கொலை வழக்கில் பிடிபட்ட நால்வரையும் காவல்துறை சுட்டுக் கொன்றது; துப்பாக்கியைப் பறித்துச் சுட்டார்கள், தற்காப்புக்காகக் கொன்றோம் என்றது. மக்கள் பூத் தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022இல் வெளியானபோது, கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டதாக அதில் இருந்தது. பூத் தூவியவர்களில் எத்தனை பேர் அதைப் படித்தார்கள்?

என் பக்கத்து ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். அதே 2012இல் மதுரையில், மகளைக் காப்பாற்றக் கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்ற பெண்ணை, காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கார்க் தண்டனைச் சட்டத்தின் 100ஆவது பிரிவைக் காட்டி விடுவித்தார். அங்கேயும் முடிவெடுத்தது நீதிமன்றமில்லை, காவல்துறைதான். அதற்கு நான் கைதட்டினேன்.

ஓய்வுபெற்ற காசாளர்:

வக்கீல் தம்பி, மதுரைப் பெண் அடித்ததை மகளே பார்த்துக்கொண்டிருந்தாள், சொல்ல ஓர் ஆள் இருந்தது. வேளச்சேரி வீட்டுக்குள் இருந்த ஐந்து பேரில் ஒருவர்கூட மிச்சமில்லை. இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது. ஆனாலும் அன்றைய என் நிம்மதியை நான் திருப்பிக் கொடுக்க மாட்டேன்.

வேளச்சேரிவாசியிடம் ஒரு கேள்வி. விசாரணைக்கு யாராவது உங்களிடம் வந்தார்களா?

வேளச்சேரிவாசி:

இல்லை. தேசிய மனித உரிமை ஆணையத்தின் குழு வந்ததாகச் செய்தியில் படித்தேன். என் தெருவுக்கு யாரும் வரவில்லை. வந்திருந்தால் டீக்கடையில் சொன்னதையேதான் சொல்லியிருப்பேன் என்று பயமாக இருக்கிறது, அத்தனை முறை சொல்லியிருந்தேன்.

அன்று இரவு ஜன்னலைச் சாத்திவிட்டு மின்விசிறியை ஐந்தில் வைத்துத் தூங்கினேன். காலையில் பால்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.