டிஸ்க் இல்லாத ஸ்டீல் பெட்டி வாங்கியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தர்மபுரி

நண்பர்களே, போன மாதம் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். இதே மாதிரி உங்களுக்கும் நடந்திருந்தால் கீழே எழுதுங்கள்.

ஐந்து வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த ஒரு படம். மிகத் தெளிவாகப் படம் தரும் 4கே ப்ளூரே டிஸ்க், பிளாஸ்டிக்குக்குப் பதில் இரும்புத் தகட்டுப் பெட்டியில் வரும் ஸ்டீல் பெட்டிப் பதிப்பு. வெளிநாட்டில் வெளியானதும் தீர்ந்துபோய்விட்டது. பழைய பொருட்கள் விற்கும் ஓர் ஆன்லைன் தளத்தில் 2,300 ரூபாய்க்கு இருந்ததைப் பார்த்தேன். பெட்டியின் முன்பக்கம், பின்பக்கம், முதுகு மூன்றுக்கும் போட்டோ போட்டிருந்தார்கள். திறந்து வைத்து எடுத்த போட்டோ மட்டும் இல்லை. அப்போதே கேட்டிருக்க வேண்டும். வேறு யாராவது முந்திக்கொள்வார்களோ என்ற பயத்தில் உடனே பணம் கட்டிவிட்டேன்.

பார்சல் வந்தது. மேலே கண்ணாடித் தாள் சுற்றி சீல் வைத்திருந்தது. ஆட்டிப் பார்த்தேன், உள்ளே சத்தமே இல்லை. டிஸ்க் கழன்று உருளவில்லை, கீறல் இருக்காது என்று சந்தோஷப்பட்டேன். எடையிலும் சந்தேகம் வரவில்லை. ஒரு டிஸ்க் 16 கிராம் அளவுதான் இருக்கும், இரும்புத் தகட்டுப் பெட்டியில் அது கைக்குத் தெரியாது. பிரித்தால் வட்டமான பள்ளமும் நடுவில் டிஸ்க் மாட்டுகிற பல்லும்தான் இருந்தன.

விற்றவருக்கு எழுதினேன். விவரம் முழுவதும் படித்தீர்களா என்று கேட்டார். போய்ப் பார்த்தால் கூரியர் செலவு, பேக்கிங் விவரம் எல்லாம் முடிந்த பிறகு கடைசி வரியில் ‘கேஸ் ஒன்லி’, அதாவது பெட்டி மட்டும், என்று இருக்கிறது. பணம் திரும்ப வரவில்லை.

பணம் போனதைவிட, அன்று ராத்திரி அந்தப் படத்தைப் பார்க்க முடியாமல் போனதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 4கே டிஸ்க் 100 ஜிபி வரை கொள்ளும், நொடிக்கு 128 மெகாபிட் வரை படத்தைத் தரும். நெட்ஃபிளிக்ஸ் 4கே பார்க்க 15 மெகாபிட் இணைப்பு போதும் என்கிறது. அந்த வித்தியாசம் இருட்டுக் காட்சியில் கண்ணுக்குத் தெரியும். எங்கள் தெருவில் மழை வந்தால் அந்த 15ம் கிடைக்காது. அதற்காகத்தானே டிஸ்க் வாங்குகிறோம்? டிஸ்க் இல்லாத பெட்டியைப் புதுசு மாதிரி சீல் வைத்து விற்பது சரியா?

ஓசூர்

தம்பி, வெறும் பெட்டியோடு எனக்கு எட்டு வருடப் பழக்கம் உண்டு. 2003லிருந்து 2011 வரை ஓசூரில் சிடி வாடகைக் கடை வைத்திருந்தேன். கடையில் சுவர் முழுக்க நீங்கள் பார்ப்பது எல்லாமே வெறும் கவர்தான். டிஸ்க் என் டிராயரில் நம்பர் போட்ட பையில் இருக்கும். கவரைக் கையில் எடுத்து வந்து, “அண்ணா, இது இருக்கா?” என்று கேட்பார்கள். நம்பரைப் பார்த்து டிஸ்க்கை எடுத்துக் கொடுப்பேன். திருட்டுப் போனால் கவர்தான் போகும், டிஸ்க்கில் கண்டவர்கள் கைரேகையும் படாது.

விசிடி, அதாவது டிவிடிக்கு முந்தின வீடியோ சிடி காலத்தில் ஒரு டிஸ்க்கில் 74 நிமிடம் அளவுதான் படம் ஏறும். நம் படத்துக்கு இரண்டு டிஸ்க், நீளமான படமென்றால் மூன்று. திருப்பித் தருகிறவர் முதல் பாதியை மட்டும் தந்துவிட்டு, இரண்டாம் பாதியைப் பிளேயரிலேயே விட்டுவிட்டு வருவார். மறுநாள் அதே படத்தை எடுக்க வருகிறவரிடம் நான் என்ன சொல்வது? தேடிக்கொண்டு பாகலூர் வரைக்கும் சைக்கிளில் போயிருக்கிறேன்.

2007ல் மோசர் பேர் என்ற டிஸ்க் தயாரிக்கும் நிறுவனத்தார் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்க ஆரம்பித்தார்கள். ஒரு ராத்திரி வாடகைக்கு 15 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தேன். 34 ரூபாய்க்குச் சொந்தமாகவே கிடைக்கும்போது வாடகைக்கு யார் எடுப்பார்கள்? இருந்தாலும் அந்த நிறுவனத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டிலும் நல்ல பிரிண்ட் படம் வந்தது அதனால்தான்.

கடையை மூடியபோது டிஸ்க்குகளை ராயக்கோட்டைப் பக்கம் ஒரு சொந்தக்காரர் மூட்டையாக எடுத்துப் போனார், ராகிக் கொல்லையில் குருவி விரட்ட. கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் வெயிலில் பளபளவென்று சுற்றும். ஒருமுறை போய்ப் பார்த்தேன், அப்புறம் போகவில்லை. கவர்கள் மூன்று சாக்கு இன்னும் என் வீட்டுப் பரண்மேல் இருக்கின்றன.

அதனால் வெறும் பெட்டி தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். டிஸ்க் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல எதிரில் ஓர் ஆள் இருந்தேன். உங்களுக்கு விற்றவர் அந்தப் பதிலைக் கடைசி வரியில் ஒளித்து வைத்திருக்கிறார்.

கிருஷ்ணகிரி

நான் எதிர்க்கட்சி. வெறும் பெட்டிகளை விரும்பி வாங்குகிறவன், என்னிடம் இப்போது 31 இருக்கிறது.

காரணம் எளிது. படத்தைச் சாதாரண நீலப் பிளாஸ்டிக் பெட்டியில் மலிவாக முதலிலேயே வாங்கிவிடுகிறேன். அப்புறம் நல்ல ஓவியம் போட்ட ஸ்டீல் பெட்டி வருகிறது. அதே டிஸ்க்குக்கு இரண்டாம் தடவை 3,500 ரூபாய் எதற்கு? வெறும் பெட்டியை 900க்கு வாங்கி டிஸ்க்கை அதில் மாற்றிக்கொள்கிறேன். டிஸ்க் வேண்டும் என்கிறவருக்கு டிஸ்க், பெட்டி வேண்டும் என்கிறவருக்குப் பெட்டி. எழுத்துகள் மேலெழும்பி, விரலால் தடவினால் தெரிகிற மாதிரி அச்சடித்த பெட்டியைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதே எனக்குச் சந்தோஷம்தான். அதைக் குறைவாக நினைக்காதீர்கள்.

ஆனால் அடி நானும் வாங்கியிருக்கிறேன். முதலில் வாங்கிய வெறும் பெட்டி டிவிடி அளவு. சாதாரண டிவிடி பெட்டி 190 மில்லிமீட்டர் உயரம், ப்ளூரே பெட்டி 171 சொச்சம். வரிசையில் ஒன்று மட்டும் தலை தூக்கி நின்றது. இரண்டாவது அனுபவம், பல் இறுக்கமான பெட்டி. டிஸ்க்கை ஓரத்தைப் பிடித்து வளைத்து எடுத்தேன், நடுத்துளை அருகே மயிரிழை விரிசல். நடுப் பல்லை ஒரு விரலால் அழுத்திக்கொண்டுதான் டிஸ்க்கைத் தூக்க வேண்டும், இழுக்கவே கூடாது. மூன்றாவது, துரு. கேஆர்பி அணைப் பக்கம் வாடகை வீட்டில் இருந்தபோது ஈரச் சுவரை ஒட்டி அலமாரி. மழைக்காலம் முடிந்து பார்த்தால், மடிப்பு ஓரத்தில் பெயிண்ட் உரிந்த இடமெல்லாம் பழுப்பு.

இன்னொன்று, எல்லா இரும்புப் பெட்டியும் ஸ்டீல்புக் இல்லை. அது டென்மார்க்கில் இருக்கும் ஸ்கனாவோ நிறுவனத்தின் வணிகப் பெயர். அந்தப் பெயரைச் சொல்லி யார் எதை விற்றாலும், திறந்த பெட்டியின் போட்டோவும் முதுகை அளவுகோல் வைத்து எடுத்த போட்டோவும் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

அரூர்

என்னுடையது சின்ன அனுபவம். அண்ணன் பையன் பிறந்தநாளுக்கு கேம் வாங்கிக் கொடுத்தேன். பளபளப்பான பெட்டி. உள்ளே ஒரு சீட்டில் கேமை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள எண்கள், அவ்வளவுதான். வேறு நாட்டுக்கான எண் என்று அவன் கணக்கு ஏற்கவில்லை. டிஸ்க் இல்லை என்று பெட்டியின் அடிப்பக்கத்தில் போட்டிருந்தது உண்மைதான், எறும்பு அளவு எழுத்தில். அன்றைக்கு அந்தப் பையன் முகத்தைப் பார்த்ததிலிருந்து, டிஸ்க் இல்லையென்றால் அதை முன்பக்கத்திலேயே பெரிதாகப் போட வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு.

பென்னாகரம்

நீங்கள் எல்லோரும் வயதில் சின்னவர்கள் என்று நினைக்கிறேன். படம் இல்லாத படப் பொருளை நாங்கள் எப்போதோ வாங்கியாயிற்று. டூரிங் டாக்கீஸ் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். மெல்லிய தாள், அட்டையில் நடிகர் படம், உள்ளே பாட்டு வரிகளும் கதைச் சுருக்கமும். கதை சூடு பிடிக்கிற இடத்தில் நிறுத்தி ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று போட்டுவிடுவார்கள். டிக்கெட்டுக்குக் காசு இல்லாத வாரத்தில் புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, கொட்டகைக்கு வெளியே நின்று வசனத்தைக் கேட்டபடி பக்கம் புரட்டியிருக்கிறேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை. மீதி எங்கே இருக்கிறது என்று அதிலேயே எழுதியிருந்ததே.

அந்தப் புத்தகங்கள் நாற்பது சொச்சம் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அதில் பல படங்களை இன்றுவரை நான் பார்த்ததில்லை.

தர்மபுரி

எல்லோருக்கும் நன்றி. பென்னாகரம் ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

முதலில் எழுதியபோது வெறும் பெட்டி விற்பதே தப்பு என்று நினைத்திருந்தேன். கிருஷ்ணகிரி நண்பர் வாங்குவதில் எந்தத் தப்பும் இல்லை, அது இப்போது புரிகிறது. ஆனால் ஒரு பயம் போகவில்லை. நெட்ஃபிளிக்ஸ் அமெரிக்காவில் 25 வருடமாகத் தபாலில் டிவிடி அனுப்பியது, 2023 செப்டம்பரில் அதையும் நிறுத்தியது. பெஸ்ட் பை என்ற பெரிய கடைத்தொடர் 2024ல் சினிமா டிஸ்க் விற்பனையையே விட்டது. டிஸ்க் அச்சடிக்காமல் பெட்டியை மட்டும் விற்றாலே காசு வரும் என்று ஆகிவிட்டால், நாளைக்கு டிஸ்க் எதற்கு அச்சடிப்பார்கள்? ஏற்கெனவே இருக்கிற டிஸ்க்குக்காகப் பெட்டி வாங்குவது வேறு. முதலிலிருந்தே டிஸ்க் இல்லாத படத்துக்குப் பெட்டி வாங்குவது வேறு. இரண்டாவதை நான் வாங்க மாட்டேன்.

ஓசூர் அண்ணா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். 2008ல் அப்பா தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் 34 ரூபாய் கொடுத்து ஒரு டிவிடி வாங்கினார். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் சொந்த டிஸ்க் அது. அப்பா இப்போது இல்லை. கவர் வீடு மாறும்போது தொலைந்துபோனது. டிஸ்க்கை ஒரு கல்யாணப் பத்திரிகை உறையில் போட்டு வைத்திருக்கிறேன், இன்றைக்கும் ஓடுகிறது. டிவிடியானாலும் ப்ளூரேயானாலும் டிஸ்க் வழக்கமாக 12 சென்டிமீட்டர்தான், போன மாதம் வந்த ஸ்டீல் பெட்டியில் அதை வைத்தால் உட்காரும். ஒருநாள் வைத்தும் பார்த்தேன். வேறு படத்தின் முகம் மேலே இருப்பது மனசுக்கு ஒப்பவில்லை, எடுத்துவிட்டேன்.

படத்தின் பெயரைத் தனியாக அனுப்புகிறேன். பரண்மேல் இருக்கிற சாக்கில் அந்தக் கவர் இருக்கிறதா என்று பார்க்க முடியுமா? உள்ளே டிஸ்க் வேண்டாம் அண்ணா, கவர் மட்டும் போதும். ஞாயிற்றுக்கிழமை நானே ஓசூர் வந்து வாங்கிக்கொள்கிறேன். கிருஷ்ணகிரி நண்பர் விரும்பினால் என் ஸ்டீல் பெட்டியை 900க்கு எடுத்துக்கொள்ளலாம், வழியில் கொடுத்துவிட்டுப் போகிறேன். துரு இல்லை. திறந்த போட்டோவும், அளவுகோல் வைத்த போட்டோவும் இன்று சாயங்காலம் அனுப்புகிறேன்.