காலநிலை இடர் மதிப்பீடு: சார்புச் சங்கிலியை எப்படிக் கணக்கிடுவது?

வணக்கம் நண்பர்களே. குடிநீர், மின்சாரம், மருத்துவமனைக் கட்டமைப்புகளுக்குக் காலநிலை இடர் மதிப்பீடு தயாரித்துக்கொண்டிருக்கிறேன். ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழு) முறைப்படி அபாயம், அதற்கு ஆட்படும் நிலை, பாதிப்புக்குள்ளாகும் தன்மை என்று பிரித்துவிட்டேன். காலநிலை இடர் மதிப்பீட்டுக்கான சர்வதேசத் தர வழிகாட்டியான ஐஎஸ்ஓ 14091ஐயும் படித்தேன். தனித்தனியாக மதிப்பிடும்வரை எல்லாம் சரியாகவே போகிறது. ஒன்று விழுந்தால் அதைச் சார்ந்த எது எது விழும் என்ற சார்புச் சங்கிலியில்தான் திணறுகிறேன்.

நீரேற்று நிலையம் ஒன்றைப் பார்த்தேன். மோட்டார்களை உயரமான மேடையில் ஏற்றியிருக்கிறார்கள். அவற்றுக்கு மின்சாரம் தரும் சுவிட்ச் பெட்டியோ முழங்கால் உயரத்தில் இருக்கிறது! 2012இல் சாண்டி புயலின்போது நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் நடந்ததும் இதுதான். ஜெனரேட்டர்கள் 13ஆவது மாடியில், எரிபொருள் பம்புகள் அடித்தளத்தில். வெள்ளம் புகுந்ததும் ஊழியர்கள் எரிபொருளைக் கையால் மேலே சுமந்தார்கள்.

இப்படிப்பட்ட சார்புகளுக்கு நீங்கள் மதிப்பெண் தருகிறீர்களா, வரைபடமாக வரைகிறீர்களா? இன்னொன்று: 50 ஆண்டுகள் நிற்க வேண்டிய கட்டடத்துக்கு எந்த வெப்பமயமாதல் சூழலை அடிப்படையாகக் கொள்கிறீர்கள்? பழைய மழைப் பதிவுகளை மட்டும் நம்ப எனக்கு மனம் வரவில்லை. வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் கூடினாலே காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரம் தாங்கும்.

களத்தில் செய்தவர்கள் மாதிரி அட்டவணை ஏதேனும் பகிர்ந்தால் பெரிய உதவியாக இருக்கும்.