லாஸ் வேகஸ் போகலாமா? இருவருக்குமே அரைமனது

வெண்மணல் (கேள்வி):

வணக்கம். வரும் நவம்பரில் பணி தொடர்பான ஒரு மாநாட்டுக்காக என் கணவர் லாஸ் வேகஸ் செல்ல வேண்டியிருக்கிறது. நானும் உடன் சென்று, மாநாடு முடிந்த பிறகு இருவருமாக மூன்று இரவுகள் தங்கிவிட்டுத் திரும்பலாமே என்று பேச்சு எழுந்த நாளிலிருந்து, அந்த விஷயத்தில் எங்களால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. ஒருவர் போகலாம் என்றும் மற்றவர் வேண்டாம் என்றும் சொன்னால் பேசித் தீர்த்துவிடலாம். இருவருமே இரண்டையும் சொல்கிறோம் என்பதுதான் சிக்கல்.

அவருக்குச் சூதாட்டம் என்றாலே ஆகாது. நெருங்கிய உறவினர் ஒருவர் சீட்டாட்டத்தில் நிலத்தைத் தொலைத்ததைப் பார்த்து வளர்ந்தவர் அவர். ஆனாலும் 2023-இல் திறக்கப்பட்ட ஸ்பியர் அரங்கின் காணொளிகளை இரவில் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பவரும் அவர்தான். எனக்கோ பெலாஜியோ விடுதியின் முன்னே இருக்கும் நீரூற்றை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை வெகுநாளாக உண்டு. ஆனால் பாலைவனத்தின் நடுவே பாதி உயர ஈபிள் கோபுரத்தையும் வெனிஸின் கால்வாயையும் கட்டி வைத்திருக்கும் படங்களைப் பார்க்கும்போது, யார் யாரோ தோற்ற பணத்தில் எழுந்த ஊரை வேடிக்கை பார்க்கக் காசு செலவழித்துப் போகிறோமே என்று மனம் கூசுகிறது. தண்ணீருக்குத் தவிக்கும் நிலத்தில் நீரூற்று எதற்கு என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

ஆடாதவர்களுக்கு அங்கே மூன்று நாள் பொழுது போகுமா? கேசினோவுக்குள் கால் வைக்காமல் தங்க முடியுமா? எங்களைப் போன்ற மனநிலையில் போய்வந்த தம்பதிகள் யாராவது இருந்தால், தயவுசெய்து எழுதுங்கள்.

நெடுவழி:

சகோதரி, உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் உங்கள் கணவரின் நிம்மதி அதில்தான் இருக்கிறது. ஸ்ட்ரிப் என்று அழைக்கப்படும் அந்த நெடுஞ்சாலையில் உள்ள பெரும்பாலான விடுதிகளில், வரவேற்பிடத்திலிருந்து லிஃப்டுக்குப் போவதானாலும் சாப்பிடப் போவதானாலும் கேசினோ தளத்தைக் கடந்தே ஆக வேண்டும். கட்டடத்தையே அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். அங்கே புகைபிடிக்கவும் அனுமதி உண்டு, ஏனெனில் 2006-இல் லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்து மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த புகைத் தடைச் சட்டம் கேசினோ தளங்களுக்கு விலக்கு அளித்திருக்கிறது. எனவே மாநாட்டு நாட்களில் அலுவலகம் எங்கே தங்க வைத்தாலும், உங்கள் மூன்று இரவுகளுக்கு விடாரா போன்ற, கேசினோவே இல்லாத விடுதியைப் பாருங்கள். அங்கிருந்து பெலாஜியோவுக்கு நடந்தே போய்விடலாம்.

இருந்தாலும் ஒரே ஒரு முறை, காலை பத்து மணி வாக்கில், ஏதாவது ஒரு கேசினோ தளத்தில் இருவரும் சேர்ந்து மெதுவாக நடந்து பார்க்கச் சொல்வேன். உறுப்பினர் அட்டையை, பணம் போட்டு ஆடும் ஸ்லாட் மெஷினில் செருகி, அட்டையில் கட்டிய சுருள் கயிற்றின் மறுமுனையைச் சட்டையில் மாட்டிக்கொண்டு, முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் பொத்தானைத் தட்டிக்கொண்டிருப்பவர்களை அந்த நேரத்திலும் பார்க்கலாம். காசு கொட்டும் சத்தம் கேட்கும், காசு மட்டும் கண்ணில் படாது. ஜெயித்தவருக்கு மெஷின் நீட்டுவது ஒரு காகிதச் சீட்டு, சத்தம் வருவது ஒலிபெருக்கியிலிருந்து. என் மனைவிக்கு அந்த ஒரு நடையோடு கேசினோ ஆவல் தீர்ந்துவிட்டது. அதன் பிறகு நாங்கள் வெளியில்தான் சுற்றினோம். ஒரு எச்சரிக்கை: எதிரே தெரியும் கட்டடம் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும், ஆனால் மேம்பாலம் ஏறி இறங்கிப் போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும். நல்ல செருப்பு முக்கியம்.

கணக்குப்பிள்ளை:

யாரோ தோற்ற பணத்தில் எழுந்த ஊர் என்பது ஒரு காலத்தில் முழு உண்மை. 1931-இல் நெவாடா சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிய பிறகு, பல பத்தாண்டுகள் அறையையும் சாப்பாட்டையும் மலிவாகக் கொடுத்து ஆட்களை மேசைக்கு இழுத்தார்கள். ஆனால் 1990-களின் இறுதிக்குப் பிறகு ஸ்ட்ரிப்பின் பெரிய விடுதிகளில் அறை, உணவு, நிகழ்ச்சிகள் ஆகியவற்றால் வரும் வருவாய் சூதாட்ட வருவாயைத் தாண்டிவிட்டது. ஆடாமல் வேடிக்கை பார்க்க வரும் உங்களைப் போன்றவர்களும் இன்று அவர்களுக்கு நல்ல வரும்படிதான். அந்த வருவாயிலிருந்துதான் அறைகளைச் சுத்தம் செய்பவர்களுக்கும் சமையலறை ஊழியர்களுக்கும் சம்பளம் போகிறது என்பதையும், சுமார் 60,000 உறுப்பினர்களைக் கொண்ட வலுவான தொழிற்சங்கம் அவர்களுக்கு அங்கே இருக்கிறது என்பதையும் கூச்சத்தின் எதிர்த்தட்டில் வைத்துப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியது உங்கள் பணப்பையைத்தான். அறை வாடகைக்கு மேல் ரிசார்ட் கட்டணம் என்று இரவுக்குச் சுமார் 50 டாலர், பல இடங்களில் அதற்கு மேலும் வாங்குகிறார்கள். 2025 மே மாதத்திலிருந்து அதையும் சேர்த்த தொகையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று விதி வந்திருப்பதால் ஏமாற்றம் குறைந்திருக்கிறது, செலவு குறையவில்லை. பல விடுதிகளில் அறைக் குளிர்பெட்டிக்குள் இருக்கும் பாட்டிலைச் சும்மா தூக்கிப் பார்த்தாலே உணரி கணக்கில் ஏற்றிவிடும்.

சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பணம் வைக்கும் ரூலெட்டை ஆசைக்கு ஒருமுறை ஆடத் தோன்றினால், இதைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள். வழக்கமான அமெரிக்கச் சக்கரத்தில் 36 எண்களும் இரண்டு பூஜ்யங்களுமாக 38 குழிகள்; ஓர் எண்ணில் வைத்து ஜெயித்தால், வைத்த பணத்தைத் திருப்பித் தருவதோடு அதைப்போல் 35 மடங்கு தருவார்கள். இதனால் வைக்கும் ஒவ்வொரு 100 டாலரிலும் சராசரியாக 5.26 டாலர் நிர்வாகத்துக்குப் போகும். சுற்றுக்கு 10 டாலர் வீதம் மணிக்கு 40 சுற்று என்றால், அந்த ஒரு மணி நேரத்தின் சராசரி விலை 21 டாலர். ஸ்ட்ரிப்பில் பெருகிவரும் மூன்று பூஜ்யச் சக்கரத்தில் அதுவே ஏறக்குறைய 31 டாலர் ஆகிவிடும். இதைச் சினிமா டிக்கெட் போல முன்கூட்டியே செலவு எழுதிவிட்டு ஆடுபவர்களுக்குத் தொல்லையில்லை; விட்டதைப் பிடிக்க நினைப்பவர்களுக்குத்தான் எல்லாத் தொல்லையும்.

தனிமரம்:

எல்லோரும் வழி சொல்கிறார்கள், நான் ஒரு தடை சொல்கிறேன். நிலம் போனதைக் கண்ணால் பார்த்தவருக்கு அந்தச் சத்தம் வெறும் வேடிக்கையாக இராது. ஹாரி ரீட் விமான நிலையத்தில் இறங்கியதுமே, வாயிலுக்குப் பக்கத்திலேயே ஸ்லாட் மெஷின்கள் வரிசையாக நிற்கும். அவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: அவருக்கு இருப்பது அருவருப்பா, அச்சமா? அருவருப்பு என்றால் போகலாம், ஸ்பியர் அதை ஈடுகட்டும். தானும் அந்த உறவினரைப் போல ஆகிவிடுவோமோ என்ற அச்சம் என்றால், மாநாடு முடிந்த அன்றே விமானம் ஏறிவிடுங்கள்.

செம்பாறை:

தண்ணீரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கொலராடோ ஆற்றின் கீழ்ப்படுகை மாநிலங்களுக்கென ஒதுக்கப்பட்ட ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி (ஓர் ஏக்கரில் ஓர் அடி ஆழத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி) நீரில் நெவாடாவின் பங்கு வெறும் 3 லட்சம். கலிபோர்னியாவுக்கு 44 லட்சம். விடுதிகளுக்குள் குழாயிலும் கழிப்பறையிலும் ஓடும் நீர் ஏறக்குறைய முழுவதும் சுத்திகரிக்கப்பட்டு, ஊருக்கு நீர் தரும் ஹூவர் அணையின் நீர்த்தேக்கமான மீட் ஏரிக்கே திரும்புகிறது. திரும்பாமல் போவது பெரும்பாலும் வெளியே புல்லுக்கும் செடிகளுக்கும் ஊற்றும் நீர்தான். அதனால்தான் யாரும் பயன்படுத்தாத அலங்காரப் புல்தரைகளுக்கு ஆற்றுநீரைப் பாய்ச்சுவதை 2026-இன் இறுதியோடு நிறுத்த 2021-இலேயே சட்டம் இயற்றினார்கள். பெலாஜியோ நீரூற்று ஆற்றுநீரைத் தொடுவதேயில்லை. முன்பு அங்கிருந்த கோல்ஃப் மைதானத்தின் கிணற்றுநீர் அது. ஆகவே நீரூற்றை நிம்மதியாகப் பாருங்கள், வருத்தப்பட வேண்டியது புல்லைப் பார்த்து.

மூன்று இரவையும் ஸ்ட்ரிப்பில் கழிக்காதீர்கள் என்பதுதான் என் முக்கியமான யோசனை. ஹூவர் அணை கட்ட வந்த தொழிலாளர்களுக்காக 1931-இல் மத்திய அரசு உருவாக்கிய போல்டர் சிட்டி, ஸ்ட்ரிப்பிலிருந்து காரில் சுமார் அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. நெவாடாவுக்குள்ளேயே சூதாட்டத்துக்கு இன்றளவும் தடை விதித்திருக்கும் ஊர் அது. மாநிலம் சூதாட்டத்துக்குக் கதவைத் திறந்த அதே ஆண்டில் இப்படி ஓர் ஊர் எழுந்தது என்பதை அறிந்தால் உங்கள் கணவர் மகிழ்வார் என்று நினைக்கிறேன். கடைசி இரவை அங்கே வைத்துக்கொண்டால், 221 மீட்டர் உயரமுள்ள அணையைக் கூட்டம் சேர்வதற்கு முன்பே காலையில் பார்த்துவிடலாம்.

இன்னொரு காலைப் பொழுதை ரெட் ராக் கேன்யனுக்கு ஒதுக்குங்கள். ஸ்ட்ரிப்பிலிருந்து மேற்கே ஏறக்குறைய 27 கிலோமீட்டர் தூரம். பாறைகளைச் சுற்றி வரும் 13 மைல் சாலை ஒருவழிப் பாதை. அக்டோபர் முதல் மே வரை பகலில் காரில் நுழைய முன்பதிவு வேண்டும், மறந்துவிடாதீர்கள். கோடையில் 45 டிகிரியைத் தாண்டும் அந்த ஊரில் நவம்பர் நடப்பதற்கு ஏற்ற மாதம். ஆனால் 2023 முதல் அதே மாதத்தில்தான் ஸ்ட்ரிப்பின் நடுவே ஃபார்முலா 1 பந்தயமும் நடக்கிறது. அந்த வாரத்தில் சாலைகள் அடைபடும், வாடகை எகிறும், நீரூற்றின் முன்னே பார்வையாளர் மேடை எழும்பி நிற்கும். உங்கள் தேதிகளை முதலில் சரிபாருங்கள்.

வெண்மணல்:

அனைவருக்கும் நன்றி. தேதியைப் பார்த்தோம், பந்தயத்துக்கு முந்தைய வாரம்தான், தப்பித்தோம். தனிமரம் கேட்கச் சொன்ன கேள்வியை அவரிடம் கேட்டேன். அச்சமில்லை, கோபம்தான் என்றார். அந்த உறவினர் மீது இன்னும் தீராத கோபம். நீண்ட நேரம் பேசினோம். இரண்டு இரவு கேசினோ இல்லாத விடுதி, ஓர் இரவு போல்டர் சிட்டி, ஸ்பியருக்கு இரண்டு நுழைவுச்சீட்டு என்று பதிவு செய்துவிட்டோம். ரூலெட்டுக்கென நான் ஒதுக்க நினைத்த 21 டாலர் மட்டும் இன்னும் வாதத்தில் இருக்கிறது. அந்தப் பணத்தை அணையின் உட்பகுதியைச் சுற்றிப் பார்க்க வைத்துக்கொள்ளலாம் என்கிறார் அவர்.