கர்நாடகப் போர் கேம்பெயின் மூணாவது டர்ன்லயே முடிஞ்சிடுது, உதவி வேணும்

பகடை28:
வணக்கம் மக்களே. 1751 திருச்சி முற்றுகைய வச்சு ஒரு கேம்பெயின், அதாவது மேப்ல படைய நகத்தி பல சண்டைய தொடர்ச்சியா ஆடுற போர் விளையாட்டு, போட்டிருக்கேன். நாலு பேர் ஆடுறாங்க, நான் அம்பயர். பிரெஞ்சும் சந்தா சாகிப்பும் ஒரு பக்கம், இங்கிலீஷ் கம்பெனியும் முகமது அலியும் இன்னொரு பக்கம். சந்தா சாகிப், முகமது அலி ரெண்டு பேரும் கர்நாடக நவாப் பதவிக்குப் போட்டி போட்டவங்க. மேப்ல சென்னைல இருந்து திருச்சி வரைக்கும் ஊருக்கு ஊர் கோடு போட்டு இணைச்சிருக்கேன், ஒரு டர்ன்னா ஒரு மாசம், ரெண்டு படை ஒரே ஊர்ல மோதுனா 15 மில்லிமீட்டர் பொம்மைங்கள டேபிள்ல இறக்கி சண்டைய ஆடிக்கிறோம்.

ரெண்டு தடவ ஆடியாச்சு, ரெண்டும் புட்டுக்கிச்சு. முதல் தடவ எல்லாரும் இருக்குற படையெல்லாம் திருச்சிக்கு அனுப்பி, ஒரே சண்டை, தோத்தவன்கிட்ட அப்புறம் ஒண்ணுமே மிச்சமில்ல. அடுத்த தடவ சென்னை காலியா இருக்குன்னு பிரெஞ்சுக்காரர் நேரா உள்ள பூந்துட்டார். நிஜத்துல ஆற்காட்டப் பிடிச்ச இங்கிலீஷ் கம்பெனி தளபதி கிளைவ் மாதிரி ஆற்காட்டுக்கு யாருமே போகல, போனா எனக்கு என்ன கிடைக்கும்னு கேக்குறாங்க. என்கிட்ட பதில் இல்ல. ரூல் போட்டு கட்டாயப்படுத்தவும் மனசு வரல.

செஞ்சிக்கோட்டை:
சென்னை பிரச்சனை ஈஸி தம்பி. 1748லயே ஐரோப்பால ரெண்டு நாட்டுக்கும் சமாதானம் ஆயிடுச்சு, அதுல தான் பிரெஞ்சு பிடிச்ச சென்னைய திருப்பிக் கொடுத்தாங்க. 1751ல ரெண்டு கம்பெனியும் நவாபுகளுக்கு உதவிப் படைன்னு சொல்லிக்கிட்டு தான் சண்டை போட்டாங்க. அதனால சென்னை, புதுச்சேரி, கடலூர் பக்கத்து செயின்ட் டேவிட் கோட்டை மூணையும் மேப்ல தொடக்கூடாத இடமா வச்சிடு. இது நீயா கட்டுற ரூல் இல்ல, அன்னைக்கு இருந்த நிலைமையே அது தான். கிளைவ் சென்னைல ஆளே இல்லாத மாதிரி துடைச்சு எடுத்துட்டுப் போக முடிஞ்சதும் இதனால தான்.

வெடிமருந்து:
ஆற்காடு விஷயத்துக்கு வரேன், எனக்கு ரொம்ப பிடிச்ச ஏரியா இது. உங்க கேம்ல காசு இல்லன்னு நினைக்கிறேன், அங்க தான் கோளாறு. சந்தா சாகிப்போட தலைநகரம் ஆற்காடு, வரி வசூல் அந்தப் பக்கம் தான், படைக்கு சம்பளம் அதுல இருந்து தான் வரணும். ஆற்காடு கைவிட்டுப் போனா அடுத்த டர்ன்ல இருந்து அவர் படைல பத்துல ஒரு பங்கு கலைஞ்சு போகும்னு வைங்க. அப்புறம் பாருங்க, இங்கிலீஷ்காரர் தானா போவார். நிஜத்துலயும் 200 ஐரோப்பியர், 300 சிப்பாய், மூணு சின்ன பீரங்கி, அவ்வளவு தான் போச்சு, கோட்டைல இருந்தவங்க சண்டையே போடாம ஓடிட்டாங்க. சந்தா சாகிப் திருச்சில இருந்து 4,000 பேர பிரிச்சு மகன் ரசா சாகிப் கூட ஆற்காட்ட முற்றுகை போட அனுப்ப வேண்டியதாச்சு, திருச்சி கொஞ்சம் மூச்சு விட்டுது.

இன்னொண்ணு, ஒரு மாச டர்ன் ரொம்ப பெருசு. சென்னைல ஆகஸ்ட் 26 கிளம்புனவன் ஒரே வாரத்துக்குள்ள ஆற்காட்டுல இருக்கான். ஒரு வாரமா குறைங்க, ஒண்ணும் நடக்காத வாரத்த ஓட்டி விட்டுடுங்க.

பகடை28:
அண்ணா இது சூப்பர், காசு பத்தி யோசிக்கவே இல்ல. ஆனா ஆற்காடு முற்றுகை 50 நாள், டேபிள்ல எப்படி ஆடுறது? போன தடவ ரெண்டு மணி நேரம் சுவத்த சுட்டுக்கிட்டே இருந்தாங்க, ஒருத்தர் எழுந்தே போயிட்டார்.

வெடிமருந்து:
சுவத்த சுடாதீங்க. வாரத்துக்கு ரெண்டு டைஸ், ஒண்ணு உள்ள ஆள் சேதம், ஒண்ணு சுவர் எவ்வளவு உடைஞ்சுது. கடைசி தாக்குதல் மட்டும் டேபிள்ல. அது அருமையான சண்டை, மொஹரம் அன்னைக்கு விடியக்காலைல, நெத்தியில இரும்புத் தகடு கட்டின யானைங்கள விட்டு கதவ இடிக்க பாத்தாங்க, துப்பாக்கி சூட்டுல யானைங்க திரும்பி சொந்த ஆளுங்களையே மிதிச்சுது. உள்ள அப்ப நின்னது 80 ஐரோப்பியர், 120 சிப்பாய் தான். முராரி ராவோட மராத்தா குதிரைப்படைய மறக்காதீங்க, கோட்டை தாங்குற ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு டைஸ் போட்டு, ஆறு விழுந்தா அவர் கோட்டைக்குள்ள இருக்குறவங்களுக்கு உதவியா வந்துடறார். வெளிய இருக்குறவனுக்கு அப்ப தான் அவசரம் வரும்.

மலைக்கோட்டை_வாசி:
மைசூர விட்டுட்டீங்களே. முகமது அலி திருச்சியையே தரேன்னு மைசூர் மந்திரி நஞ்சராஜுக்கு வாக்கு கொடுத்து தான் படைய கூப்பிட்டார், அப்புறம் தரல. அந்த வாக்க ஒரு ரகசிய சீட்டுல எழுதி அம்பயர் கைல வச்சுக்கங்க.

பகடை28:
ஞாயித்துக்கிழமை ஆடினோம்! ஆற்காடு போனதும் சந்தா சாகிப் ஆடினவர் அரை மணி நேரம் மேப்பயே பாத்துட்டு இருந்தார், யார அனுப்புறதுன்னு. 15 வாரம் ஓடிடுச்சு, இன்னும் முடியல. இப்ப பிரெஞ்சுப் படை பின்வாங்கி ஸ்ரீரங்கம் தீவுக்குள்ள உக்காந்திருக்கு, ரெண்டு பக்கமும் ஆறு, இங்கிலீஷ்காரர் தாக்க பயப்படுறார். இத எப்படி நகத்துறது?

செஞ்சிக்கோட்டை:
தாக்க வேண்டாம்னு நீ சொல்லிடாத, அவரே கண்டுபிடிக்கட்டும். கொள்ளிடத்துக்கு வடக்கால சமயபுரத்த மேப்ல தனி ஊரா போட்டு வை, புதுச்சேரில இருந்து தீவுக்கு வர்ற சாப்பாடு அந்த வழி தான் வரணும்.