கடைவாய்ப் பல் வலிக்குப் பின் தாடைக்கு அடியில் வீக்கம்: திங்கள்கிழமை வரை பொறுக்கலாமா?

அப்பாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. சர்க்கரை நோயும் உண்டு. மருந்துக் கடை மாத்திரையில் வலி அடங்கியது. இப்போது தாடைக்கு அடியில் இரு பக்கமும் கல் போல வீங்கி, வாயை ஒரு விரல் அளவே திறக்கிறார். திங்கள்கிழமை பல் மருத்துவரிடம் காட்டினால் போதுமா?

பதில் (முகத்தாடை அறுவை மருத்துவர்):
போதாது. இப்போதே புறப்படுங்கள். கீழ்த்தாடையின் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களின் வேர்நுனி, வாயின் தரைத் தசை ஒட்டியிருக்கும் கோட்டுக்கும் கீழே இருக்கிறது. அதனால் சீழ் ஈறில் உடையாமல் கழுத்துப் பக்கம் இறங்கும். இரு பக்கமும் பரவினால் நாக்கு மேலே தள்ளப்பட்டு மூச்சு வழி அடைபடும். ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1836இல் விவரித்த நிலை இது. வலி அடங்கியதை நம்பாதீர்கள். எச்சில் விழுங்குகிறாரா? படுக்க முடிகிறதா?

கேட்டவர்:
எச்சில் வடிகிறது. உட்கார்ந்தே தூங்குகிறார்.

அதே மருத்துவர்:
108ஐ அழையுங்கள். படுக்க வைக்காதீர்கள், ஒத்தடம் வேண்டாம், மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் உணவு கொடுக்காதீர்கள். சர்க்கரை மாத்திரைச் சீட்டை எடுத்துச் செல்லுங்கள். அங்கே முதலில் மூச்சு வழியைக் காப்பார்கள். பிறகு சிரை வழியாக ஆன்டிபயாடிக், கீறி வடித்தல், காரணமான பல்லை அகற்றுதல். தேங்கிய சீழை மாத்திரை வெளியேற்றாது, ஐயா.

மற்றொருவர்:
என் தம்பிக்கும் இதே நிலை. தாடைக்கு அடியில் கீறி ரப்பர் வடிகுழாய் வைத்தார்கள். வாய் பழையபடி திறக்க வாரக்கணக்கில் பயிற்சி தேவைப்பட்டது. மயக்க மருத்துவரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள்.