வெள்ளவத்தையில் கீசரைக் கழற்றிப் பார்க்கத் தெரிந்த ஆள் தேவை

வணக்கம். எங்கள் குளியலறையில் இருக்கும் 50 லீற்றர் கீசர் மூன்று நாட்களாக ஒழுகுகிறது. பூட்டி எட்டு வருடம்.

முதலில் பாதுகாப்பு வால்வு என்றுதான் நினைத்தேன். தண்ணீர் 60 பாகைக்குச் சூடாகும்போது 50 லீற்றர், அரை லீற்றருக்கு மேல் பெருகும். அதில் கொஞ்சம் வால்வால் சொட்டுவது வழமைதான். நேற்று இரவு கரண்டை நிறுத்தி, எல்லா மூட்டுகளையும் துடைத்து, ஒவ்வொன்றிலும் டிஷ்யூ சுற்றிவிட்டேன். காலையில் டிஷ்யூ எல்லாம் காய்ந்தே இருந்தது. அடிமூடியின் விளிம்பில் மட்டும் துரு நிறத்தில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது.

அப்படியென்றால் ஹீட்டர் கம்பி பூட்டிய இடத்து ரப்பர் வாஷர் போயிருக்கலாம், அல்லது உள்தொட்டியே உக்கியிருக்கலாம். வாஷர் என்றால் மாற்றலாம். தொட்டி ஓட்டை என்றால் புதிதுதான் வாங்கவேண்டும், சரி. ஆனால் வந்த பிளம்பர் மூடியைத் திறக்காமலே "தூக்கி எறியுங்கோ" என்று சொல்லிவிட்டார். மனம் கேட்கவில்லை.

திறந்து பார்த்துச் சொல்லக்கூடிய, நம்பிக்கையான ஆள் யாரையாவது தெரியுமா? அம்மாவுக்கு மூட்டு வலி, சுடுதண்ணீர் இல்லாமல் குளிக்கக் கஷ்டப்படுகிறா.

இன்னொன்று. தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிக்கப்படும் மக்னீசியம் கம்பியை நாங்கள் ஒருமுறைகூட மாற்றவில்லை; அப்படி ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரியும். அது பழைய சோனகத் தெருக் கடைகளில் தனியாகக் கிடைக்குமா? வாங்கியவர்கள் விலையையும் சொல்லுங்கோ.