1940-களின் செவர்லே லாரி: என்ன நிறம், பளபளப்பா மங்கலா?

கமாயுட் லாரிக்காரன் (யாங்கோன்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்துச் செவர்லேயைக் கழற்றி, அரித்த தகரத்தை வெட்டிப் புதுத்தகரம் வைத்து, இன்ஜினையும் கட்டி முடித்துவிட்டோம். இப்போது பிரைமரோடு ஷெட்டில் நிற்கிறது. சி 60, மூன்று டன் வண்டி. யுத்தத்துக்காகக் கனடாவில் செய்தது. முன்கண்ணாடி மேல்பக்கம் முன்னால் சாய்ந்து நிற்குமே, அந்த முகம். யுத்தம் முடிந்தபின் மரக்கூண்டு கட்டி ரங்கூனில் பஸ்ஸாக ஓடியது. அப்புறம் நெல் மூட்டை ஏற்றியது.

பழைய பெயிண்டை எடுக்கும்போது, டேஷ்போர்டுக்குப் பின்னால் யாரும் கை வைக்காத ஒரு மூலையில் ஈரமான உப்புத்தாள் போட்டு மெதுவாகத் தேய்த்துப் பார்த்தேன். வளையம் வளையமாக வந்தது. மேலே நீலம், அதற்குக் கீழே கிரீம், அப்புறம் ரெட் ஆக்சைடு, அப்புறம் ஒரு மங்கல் பச்சை, தகரத்தை ஒட்டிக் காவிப் பழுப்பு. வண்டியின் பிழைப்பு மொத்தமும் அந்தக் கட்டைவிரல் அகலத்தில் இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன், அதன்மேல் பெயிண்ட் படாது.

இப்போது வீட்டில் மூன்று கட்சி. தம்பிக்கு மினுக்கமில்லாத மேட் பினிஷில் ராணுவப் பச்சை வேண்டும். சித்தப்பாவுக்கு லைனில் ஓடிய காலத்து நீலமும் கிரீமும், நல்ல பளபளப்பாக. பெயிண்ட் கடைப் பையன் மெட்டாலிக் அடித்து, அதன்மேல் நிறமில்லாத கிளியர் கோட் போடச் சொல்கிறான், அதுதான் நிற்குமாம்.

வண்டி கண்காட்சிக்கு இல்லை. கல்யாணம், கோயில் காரியம், ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று. நிற்கிற இடம் தகரக் கூரைக்குக் கீழே, பக்கச்சுவர் கிடையாது. தை பிறந்ததும் பீலிக்கான் முனீஸ்வரன் கோயிலுக்கு ஓட்டிப்போய்ப் பூஜை போட வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறார். என்ன நிறம், என்ன பினிஷ்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மோல்மேன் வாசி

அண்ணே, உங்கள் வளையம் சரியான கதையைத்தான் சொல்கிறது. பிரிட்டிஷ் படையில் யுத்தத்தின் நடுவில் அடித்தது எஸ்.சி.சி. 2 என்ற பழுப்பு. 1944-ல்தான் எஸ்.சி.சி. 15 என்ற ஆலிவ் பச்சைக்கு மாறினார்கள். தகரத்தை ஒட்டிப் பழுப்பு, அதன்மேல் மங்கல் பச்சை என்றால் வண்டி பழுப்பாக வந்து பிறகு பச்சையானது என்று எடுத்துக்கொள்ளலாம். ராணுவத்தில் அதை மேட்டாக அடித்ததற்குக் காரணம் உண்டு. வெயில் பட்டு மினுக்கினால் விமானத்திலிருந்து தெரிந்துவிடும். கண்ணாடியை முன்னால் சாய்த்து வைத்ததும் அதற்காகத்தான், ஒளி மேலே போகாமல் தரையில் விழும்.

எனக்கு மனசு பழுப்பின்மேல்தான். பச்சையில் எல்லோரும் அடிக்கிறார்கள், அந்தப் பழுப்பை இங்கே யாரும் பார்த்ததில்லை. ஆனால் தம்பி கேட்கிற பச்சை இன்றைய நிலையில் வேண்டாம். அந்த நிறத்தில் லாரி ஓட்டிப்போனால் ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் நிறுத்திக் கேட்பார்கள். எந்த நிறம் என்றாலும் வண்டிப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

சிரியம் பெயிண்டர்

தம்பி, நிறத்தை அப்புறம் பேசுவோம். பினிஷ் எது என்பதைத் தகரம்தான் சொல்லும்.

உன் வண்டியின் கதவும் பக்கத் தகரமும் தட்டை. வளைந்த தகரம் மேடு பள்ளத்தை மறைத்துவிடும், தட்டைத் தகரம் காட்டிக்கொடுத்துவிடும். இன்று ராத்திரி இதைச் செய். கதவின்மேல் சுத்தமான தண்ணீரை வழியவிடு, பிரைமர் கொஞ்ச நேரம் பளபளக்கும். ஒரு டியூப்லைட்டைக் கதவின் முன் ஓரத்தில் பிடிக்கச் சொல்லிவிட்டு, நீ பின் ஓரத்தில் கன்னத்தைத் தகரத்தோடு ஒட்டினாற்போல் வைத்துப் பார். லைட்டின் கோடு நேராக ஓடினால் முழுப் பளபளப்பு அடிக்கலாம். நெளிந்தால் இன்னும் வேலை இருக்கிறது. நெளிவோடு பளபளப்பாக அடித்தால், பூஜைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்த நெளிவைத்தான் பார்ப்பார்கள்.

நெளிவை எடுக்க, கருப்பு பெயிண்டைத் தின்னரில் நன்றாக நீர்க்கவிட்டு, ஸ்பிரே கன்னைத் தள்ளிப் பிடித்துப் பிரைமர்மேல் லேசாகத் தூவு. காய்ந்ததும் நீளக் கட்டையில் 320-ஆம் நம்பர் உப்புத்தாள் சுற்றி, குறுக்கும் மறுக்குமாகத் தேய். கருப்பு போகாமல் நிற்கிற இடம் பள்ளம், முதலில் தகரம் எட்டிப் பார்க்கிற இடம் மேடு. விரலால் அழுத்தித் தேய்க்காதே, விரல் பள்ளத்துக்குள்ளேயே போய்விடும். கட்டைதான் பொய் சொல்லாது. நிறம் அடிப்பதற்கு முந்திய தேய்ப்பு 600-ல்.

மேட் ஏன் வேண்டாம் என்று உன் தம்பியிடம் சொல். மேட் பெயிண்ட் மங்கலாகத் தெரிவது, அதன் மேல்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பாக இருப்பதால். அந்தச் சொரசொரப்பில் எண்ணெய்க் கையும் புகையும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நம்மூர் மழையில், பக்கச்சுவர் இல்லாத ஷெட்டில் பூஞ்சையும் பிடிக்கும். பாலிஷ் போட்டு எடுக்கவும் முடியாது, தேய்த்த இடம் மட்டும் பளபளத்து வழுக்கையாகத் தெரியும். ஒரு கீறல் விழுந்தால் அந்தப் பக்கம் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டும். யுத்தகளத்தில் அதெல்லாம் கவலையில்லை. கல்யாண வண்டிக்குக் கவலைதான்.

மெட்டாலிக்கைப் பற்றி ஒரே வார்த்தை: அந்த லாரிகளுக்கு அப்படி ஒரு நிறம் இருந்ததே இல்லை, அடிக்காதே.

கிளியர் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பையன் சொல்வது புது வண்டிக்கு நியாயம். பழைய லாரிக்குக் கிளியர் போட்டால் நிறத்தின்மேல் கண்ணாடி வைத்த மாதிரி ஆகிவிடும். அந்தக் காலத்துப் பெயிண்டின் மினுக்கம் பெயிண்டிலிருந்தே வந்தது. அதனால் கிளியர் தேவைப்படாத டூ கே (ஹார்ட்னர் கலந்து இறுகவைக்கிற பெயிண்ட்) சாலிட் நிறம் வாங்கு. வெயிலில் கொஞ்சம் மங்கினாலும் ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் திரும்ப எழும். கிளியர் வெயிலில் உரிய ஆரம்பித்துவிட்டால் தேய்த்துச் சரிசெய்ய வழியில்லை.

சரி, இப்போது நிறம். நான் சித்தப்பா கட்சி. யுத்தத்தில் அந்த வண்டி இருந்தது கொஞ்ச காலம், நம் ஜனங்களைச் சுமந்தது அதைவிட எத்தனையோ மடங்கு. தகரத்துக்கும் அதுதான் நல்லது. கிரீமைக் கூரைக்கும் கதவுக்கும் வை. வெளிர் நிறம் நெளிவைக் குறைத்துக் காட்டும். இந்த வண்டியில் இன்ஜின் பாதி கேபினுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது, கூரையும் கருநிறமாக இருந்தால் சித்திரை வெயிலில் உள்ளே உட்கார முடியாது. நீலத்தை மட்கார்டுக்கும் கீழ்ப்பட்டைக்கும் வை, கல் அடிபடுகிற இடம் அது, தொட்டு அடிக்கச் சுலபம். சேசிஸுக்கும் வீலுக்கும் பளபளப்பு வேண்டாம், பாதி மினுக்கமுள்ள கருப்பு போதும்.

கமாயுட் லாரிக்காரன்

ஐயா, நேற்று ராத்திரியே பார்த்தேன். இடதுபக்கக் கதவு நேராக இருக்கிறது. வலதுபக்கக் கதவில் கைப்பிடிக்குக் கீழே கோடு பாம்பாக நெளிகிறது. அதை நீங்கள் சொன்னபடி தேய்க்கிறேன். இரண்டு சந்தேகம். கடை அட்டையில் இருக்கிற கிரீம் எல்லாம் ஒன்றுபோலத் தெரிகிறது, எதை எடுப்பது? இங்கே கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, ஷெட்டில் அடிக்கலாமா?

தம்பி ஒத்துக்கொண்டான். ஆனால் பின்னால் மரக்கூண்டை அவன் இஷ்டத்துக்கு விட வேண்டுமாம். அதற்கும் இதே பெயிண்டை அடித்துவிடலாமா?

பெகு தச்சன்

கூண்டுக்கு டூ கே வேண்டாம். மரம் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். இறுகிக் காய்கிற பெயிண்ட் அதோடு சேர்ந்து அசையாது, பொருத்துகளில் முதலில் வெடிக்கும். வெடிப்பில் தண்ணீர் இறங்கினால் வெளியே பெயிண்ட் நன்றாக இருக்கும், உள்ளே மரம் போய்க்கொண்டிருக்கும். நிறம் வேண்டுமானால் சாதாரண எண்ணெய் எனாமல் அடியுங்கள். அது கொஞ்சம் இளகிக் கொடுக்கும்.

கூண்டு தேக்கு என்றால் நிறமே வேண்டாம் என்பேன். வார்னிஷ் முதல் வருஷம் அழகு, அப்புறம் வெயில் படுகிற பக்கம் செதில் செதிலாக உரியும், மொத்தமும் சுரண்ட வேண்டும். எண்ணெய் தேய்த்தால் உரிய ஒன்றும் இல்லை, மழைக்கு முன்னால் ஒருதரம், மழைக்குப் பின்னால் ஒருதரம் துணியில் நனைத்துத் தேய்த்தால் போதும். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து அப்புறம் எறியுங்கள். பலகையின் நுனிவெட்டுகளுக்கு இரண்டு மடங்கு எண்ணெய் கொடுங்கள், தண்ணீர் அங்கேதான் குடிக்கும்.

சிரியம் பெயிண்டர்

தச்சர் சொன்னதை அப்படியே செய். கிரீமுக்கும் தேக்குக்கும் பொருத்தமும் நன்றாக இருக்கும்.

கிரீம் எடுக்க அட்டையை நம்பாதே. சின்னத் துண்டில் பார்க்கிற நிறம் பெரிய தகரத்தில் இன்னும் வெளுப்பாகத் தெரியும். நீ விட்டுவைத்த வளையத்தை ஈரத்துணியால் துடைத்து, அதை ஒட்டி இரண்டு மூன்று கிரீம் கலந்து பார். அப்புறம் பழைய மட்கார்டு ஒன்றில் அதே பிரைமரின்மேல் அடித்து, வெயிலில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, கல்யாண மண்டப லைட் மாதிரி மஞ்சள் பல்பின் கீழ் ஒருமுறை பார். மஞ்சள் அதிகமான கிரீம் பல்பின் கீழ் வெண்ணெய் நிறமாகிவிடும். எனக்கென்றால் ஒரு பொட்டு சாம்பல் கலந்த கிரீமாக எடுப்பேன். பிடித்ததும் வண்டி முழுவதுக்கும் வேண்டியதை ஒரே தடவையில் கலந்து வாங்கு, அரை டின் மிச்சம் வை.

ஷெட்டில் அடிக்கலாம். மழை விட்ட இந்த மாதங்கள்தான் சரியான காலம். ஆனால் காலைப் பனியில் தகரம் வேர்த்திருக்கும். பனி படிகிற வெப்பநிலையைவிடத் தகரம் குறைந்தது 3 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும். அதனால் வெயில் ஏறிப் பத்து மணிக்குமேல் ஆரம்பித்து மூன்று மணிக்குள் முடித்துவிடு. டூ கே ஹார்ட்னர் ஈரத்தோடு சேர்ந்தால் குமிழி விடும், மினுக்கமும் செத்துவிடும். திறந்து வைத்த பழைய ஹார்ட்னர் டின் யார் கொடுத்தாலும் வாங்காதே. கம்ப்ரசர் தொட்டியில் தேங்கிய தண்ணீரைக் காலையில் வடி, மதியம் இன்னொரு முறை வடி. கரண்ட்டை நம்பி ஒரு கோட் ஆரம்பிக்காதே, ஜெனரேட்டரில் கம்ப்ரசர் ஓடட்டும். பாதிக் கதவில் நின்றால் நின்ற இடம் கோடாகத் தெரியும்.

கடைசியாக, இதை விளையாட்டாக எடுக்காதே. ஹார்ட்னரில் இருக்கிற ஐசோசயனேட் மூச்சில் போனால் ஆஸ்துமா வரும், வந்தால் போகாது. கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் இதற்கு ஒன்றுமே இல்லை. வெளியிலிருந்து சுத்தக் காற்று குழாயில் வருகிற முகமூடி கிடைத்தால் நீயே அடி, கிடைக்காவிட்டால் அது வைத்திருக்கிற பட்டறைக்கு வண்டியைக் கொண்டு போ. மிச்சமிருக்கிற பழைய பெயிண்டையும் உலர்ந்த தாளில் தேய்க்காதே. அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கும். தண்ணீர் விட்டே தேய், பிள்ளைகளைக் கிட்டே விடாதே.

கமாயுட் லாரிக்காரன்

ரொம்ப நன்றி ஐயா, தச்சர் அண்ணனுக்கும் நன்றி. முகமூடி இங்கே கிடைக்கவில்லை, தகரம் நேரானதும் பட்டறைக்கே கொண்டுபோகிறேன். கிரீம் மேலே, நீலம் கீழே, கூண்டுக்கு எண்ணெய். கதவில் தமிழில் பெயர் எழுதச் சித்தப்பாவுக்கு ஆசை. டூ கே மேல் பிரஷ் பெயிண்ட் பிடிக்குமா?

சிரியம் பெயிண்டர்

பிடிக்கும். நிறம் அடித்து ஒரு வாரம் காயவிட்டு, எழுத்து வருகிற இடத்தை மட்டும் நைசான தாளில் மினுக்கம் போகிற அளவுக்குத் தேய்த்துவிட்டு, எனாமலில் எழுதச் சொல். கீழே டூ கே முழுதாகக் காய்ந்திருப்பதால் எழுத்து தப்பிப்போனாலும் டர்பன்டைன் துணியால் துடைத்துவிட்டுத் திரும்ப எழுதலாம். எழுத்துக்கு அந்த நீலத்தையே எடு, சிவப்பு வேண்டாம். சிவப்புதான் வெயிலில் முதலில் வெளுக்கும்.